ஒரே மைதானத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர்

எங்கள் ஊர் பரமக்குடிக்குத் தெற்கே, கண்மாயை ஒட்டிய சின்னக் கிராமம். அப்பாவைப் பெற்றவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அப்பத்தாவின் அண்ணன் வீடு மேற்குத் தெருவில் இருந்ததால் அவர் எங்களுக்கு மேலவீட்டுத் தாத்தா. மச்சானும் மாப்பிள்ளையும் 1940-ல் ஒன்றாகப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். இரண்டு பேருக்கும் லாரி ஓட்டும் வேலை. ராணுவத்துக்கு அரிசி, பருப்பு, பெட்ரோல் கொண்டுபோய்ச் சேர்க்கும் சர்வீஸ் கோர் பிரிவு. 1941-ல் மலேயாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

1942-ல் சிங்கப்பூர் விழுந்ததும் ஐயா இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) சேர்ந்தார். மேலவீட்டுத் தாத்தா மாட்டேன் என்றார். 1946-ல் இருவரும் ஊர் திரும்பியபோது சர்க்கார் கணக்கில் ஐயா துரோகி, மேலவீட்டுத் தாத்தா விசுவாசி. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 15-க்கு அப்புறம் ஊர்க்கணக்கில் அது அப்படியே புரண்டது. ஐயா தியாகி ஆனார். மேலவீட்டுத் தாத்தா ‘வெள்ளைக்காரன் ஆளு’ ஆனார். இந்த இரண்டு கணக்கையும் சுமந்துகொண்டு நாற்பது வருஷம் ஒரே ஊரில், ஒரே கண்மாய்த் தண்ணீரில் அவர்கள் விவசாயம் பார்த்தார்கள்.

அவர்கள் கதையை 1986 முதல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவருகிறேன். வழியில் நிறையத் தவறு செய்தேன். மலேயா, பர்மா, நியூகினி என்று போய்வந்தவர்களின் பேரன் பேத்திகள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பரணில் ஒரு தகரப்பெட்டி கிடக்கும். அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, நான் கேட்ட கேள்வி.

அப்போது கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா சவுதியிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தார். அதைத் திண்ணையில் வைத்து, “ஏன்ய்யா ஐஎன்ஏ-ல சேந்தீங்க?” என்று கேட்டேன். ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைப் பேச்சுப் பேசினார். பாரத மாதா, விலங்கு, ரத்தம். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் மேலவீட்டுத் தாத்தாவிடம், “நீங்க ஏன் சேரல?” என்றேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து மாட்டை மாற்றிக் கட்டப் போய்விட்டார். அந்தக் கேள்விக்குள் ஒரு குற்றச்சாட்டு இருந்தது பதினெட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன்னால் எத்தனை பேர் அவரிடம் அதைக் கேட்டிருப்பார்கள் என்றும் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து வேறு மாதிரி ஆரம்பித்தேன். “சரண்டர் ஆன அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?”

“சாப்பாடா? லாரியில பால் டின் இருந்துச்சு. ரெண்டு பேரும் திருப்புளியால ஓட்டை போட்டுக் குடிச்சோம்” என்றார் மேலவீட்டுத் தாத்தா. அப்புறம் ஒன்றரை மணி நேரம் அவர் நிறுத்தவே இல்லை.

ஏன் என்று கேட்காதீர்கள். என்ன, எங்கே, பக்கத்தில் யார், மழையா வெயிலா என்று கேளுங்கள். ஏன் என்பது அதற்குள்ளிருந்து தானாக வரும்.

அவர்கள் சொன்னதையும் நான் பின்னால் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். 1942 பிப்ரவரி 15 அன்று ஜெனரல் பெர்சிவல் சிங்கப்பூரை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். 17-ஆம் தேதி இந்தியச் சிப்பாய்களை மட்டும் ஃபாரர் பார்க் மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதிகாரிகளும் சாங்கி பக்கம் போனார்கள். மைதானத்தில் 40,000 பேருக்கு மேல் புல்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கர்னல் ஹண்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி மைக் முன் வந்து, இனி நீங்கள் ஜப்பானியரின் கைதிகள், எங்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தது போல அவர்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற பொருளில் பேசி ஒப்படைத்துவிட்டு இறங்கினார். அவரையடுத்து ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா. அவரையடுத்து பஞ்சாப் ரெஜிமெண்டிலிருந்த கேப்டன் மோகன் சிங். இந்தியாவை விடுவிக்க ஒரு படை திரட்டுகிறோம், வருகிறீர்களா என்று கேட்டவர் அவர்தான். கைகள் உயர்ந்தன, தலைப்பாகைகள் மேலே பறந்தன.

ஐயாவின் கை உயர்ந்தது. பக்கத்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மேலவீட்டுத் தாத்தாவின் கை அப்படியே இருந்தது.

“நம்மளைக் கேட்டா எழுதிக் குடுத்தான்? ஆட்டுமந்தையைக் கை மாத்துற மாதிரி மாத்துனான். மாத்துனதோட அவன் உப்புக்கணக்கு தீந்துச்சு” என்பது ஐயாவின் வாதம். இரண்டாவது கேசட்டில் இருக்கிறது.

“நான் சத்தியம் பண்ணிக் குடுத்தவன். வெள்ளைக்காரனுக்காக அதைக் காப்பாத்தல அப்பு. நாளைக்கு நான் ஒரு சொல்லு சொன்னா அது நிக்கணும்ல?” இது மேலவீட்டுத் தாத்தா. அவர் பட்டாளத்துக்குப் போகும் முன் நாலணா கட்டிக் காங்கிரஸில் உறுப்பினராக இருந்தவர். சுயராஜ்யம் வேண்டாம் என்றவர் கிடையாது. “மேக்க இருந்து வந்தவன் போயி கெழக்க இருந்து வந்தவன் உக்காந்துக்கிட்டா அதுக்குப் பேரு சுயராச்சியமா?” என்றும் கேட்டார்.

இந்த இரண்டு பேச்சையும் பலமுறை ஓடவிட்டுக் கேட்டிருக்கிறேன். முதலில் ஒருவர் சரி, ஒருவர் தப்பு என்று முடிவுகட்டத்தான் கேட்டேன். சட்டம் என்ன சொன்னது என்று தேடிப் போனதும் அங்கிருந்துதான்.

1945 நவம்பர் 5 அன்று டெல்லி செங்கோட்டையில் ராணுவ நீதிமன்றம் கூடியது. ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான். ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். மூவரையும் சேர்த்து ஒரே வழக்கில் நிறுத்தியதில் நாடே ஒன்றாகத் திரண்டது. இந்திய தண்டனைச் சட்டம் 121-ஆவது பிரிவு, அரசருக்கு எதிராகப் போர் தொடுத்தது. தப்பி ஓட முயன்ற சொந்தப் படையினரைச் சுட்டுக் கொல்ல வைத்தார்கள் என்று கொலை வழக்கும் கூட இருந்தது. வாதாட வந்தவர் புலாபாய் தேசாய். அவருக்குப் பக்கத்தில் தேஜ் பகதூர் சாப்ரு, கட்ஜு, ஆசப் அலி. பல வருஷமாகக் கழற்றி வைத்திருந்த பாரிஸ்டர் அங்கியை நேருவும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

தேசாயின் வாதத்தை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். சுதந்திர நாட்டில் அரசரும் நாடும் ஒன்று. அரசருக்கு விசுவாசமாக இருப்பது நாட்டுக்கு விசுவாசமாக இருப்பது. அடிமை நாட்டில் அரசர் ஒரு பக்கம், நாடு ஒரு பக்கம். அப்படிப் பிரிந்து நிற்கும்போது மனிதன் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? அடிமைப்பட்ட மக்களுக்குத் தங்கள் விடுதலைக்காகப் போர் தொடுக்கும் உரிமை உண்டு. அமைப்போடு, ஓர் அரசின் பெயரில், சீருடையில் அந்தப் போரை நடத்தினால் அதை உள்ளூர்க் குற்றச் சட்டத்தால் அளக்க முடியாது. 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை நேதாஜி அறிவித்தார், சில நாடுகள் அதை அங்கீகரித்தன, அது போரும் பிரகடனம் செய்தது. அமெரிக்கக் குடியேற்றங்கள் 1776-ல் தங்கள் அரசரிடமிருந்து விலகியதையும் தேசாய் எடுத்துக்காட்டினார்.

தமிழில் பழைய பத்திரிகைகளைப் புரட்டினால் அந்தக் காலத்து வார்த்தை ‘ராஜத்துரோகம்’. 1908-ல் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தபோதும் அதுதான் வார்த்தை. நாம் இன்று சொல்வது ‘தேசத்துரோகம்’. இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில்தான் புலாபாய் தேசாயின் மொத்த வாதமும் இருக்கிறது. ராஜாவுக்குத் துரோகம் செய்தவர் தேசத்துக்கும் துரோகம் செய்தவராக இருக்க வேண்டியதில்லை. ஐயாவிடம் இதைச் சொன்னபோது, “இதுக்கு வக்கீலு எதுக்கு?” என்றார்.

ஆங்கிலேயரின் வாயிலிருந்தே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியா போரில் இறங்கிவிட்டது என்று அறிவித்தார். இந்தியர் யாரையும் கேட்கவில்லை. 1941 ஆகஸ்டில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் கூடி, எந்த மக்களும் தங்கள் அரசைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் உரிமையை மதிப்பதாக அட்லாண்டிக் சாசனத்தில் எழுதினார்கள். அடுத்த மாதமே சர்ச்சில் தன் நாடாளுமன்றத்தில் அது நாஜிகள் பிடித்த ஐரோப்பிய நாடுகளை மனதில் வைத்து எழுதியது என்று விளக்கம் சொன்னார். 1940-ல் ஜெர்மனியோடு ஒத்துப்போன பிரான்ஸின் விஷி அரசு, லண்டனுக்குப் போய்ப் படை திரட்டிய டி கோலுக்கு மரண தண்டனை விதித்தது. லண்டனில் அவரைத் துரோகி என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பிரெஞ்சுக்காரனுக்கு இருந்த உரிமை பரமக்குடிக்காரனுக்கும் உண்டு என்றுதான் நான் நம்புகிறேன். சம்மதம் கேட்காமல் ஆளுகிறவன் விசுவாசம் கேட்க முடியாது.

சரி, அப்படியென்றால் மேலவீட்டுத் தாத்தா?

இங்கேதான் நான் பல வருஷம் தடுமாறினேன். சேராதவர்களை ஜப்பானியர்கள் சும்மா விடவில்லை. 1943 தொடக்கத்தில் அவரையும் இன்னும் பல நூறு பேரையும் கப்பலில் அடைத்து நியூகினிக்குப் பக்கத்தில் நியூ பிரிட்டன் தீவிலுள்ள ரபாவுலுக்கு அனுப்பினார்கள். குண்டு வீச்சுக்கு நடுவே சரக்கு இறக்குவது, மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டுவது, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இலைகளும் சாப்பாடு. காய்ச்சல் வந்தால் ரேஷனில் பாதி. அடி. 1945 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் படை வந்துதான் மீட்டது. வலது கை மோதிர விரல் அவருக்கு மடங்காது. துப்பாக்கிக் கட்டையால் அடித்தது. சோற்றைப் பிசையும்போது அந்த ஒரு விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். சின்ன வயதில் நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

ஐயாவின் பாதையும் நேராக இல்லை. ஜப்பானியர்கள் ஐஎன்ஏ-வைச் சமமாக நடத்தவில்லை என்று மோதிய மோகன் சிங்கையே 1942 டிசம்பரில் ஜப்பானியர்கள் கைது செய்தார்கள். அப்போது ஐயாவும் பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டுப் பிடாதாரி முகாமில் கைதியாகப் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நாள் மச்சானும் மாப்பிள்ளையும் மறுபடி ஒரே கொட்டகையில். மேலவீட்டுத் தாத்தாவைத் துறைமுகத்துக்கு நடத்திக்கொண்டு போன காலையில் ஐயா கம்பிவேலி வரை கூடவே நடந்தார். “தங்கச்சிக்கு என்ன சொல்லட்டும் மாப்ள?” என்று கேட்டாராம் இவர். “யாரு முதல்ல ஊர் போய்ச் சேர்றமோ அவங்க சொல்லிக்கலாம் மச்சான்” என்றாராம் அவர்.

1943 ஜூலையில் நேதாஜி வந்தார். 5-ஆம் தேதி பாடாங் திடலில் ‘டெல்லி சலோ’ என்று பேசியதை ஐயா வேலிக்கு வெளியே வந்து கேட்டார். எஸ்டேட்டுகளிலிருந்து பால்மரம் வெட்டும் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வந்ததும், ஜான்சி ராணிப் படைக்கு அந்தக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் பெயர் கொடுத்ததும், நேதாஜி பேச்சைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னதும்தான் தன்னைத் திரும்ப இழுத்தது என்பார். “பட்டாளத்துக்காரன் சம்பளத்துக்கு வந்தவன். அந்தப் புள்ளைக சும்மா வந்துச்சுக.” மறுபடி சேர்ந்தார். பர்மாவில் லாரி ஓட்டினார். 1944 மழைக்காலத்தில் இம்பாலிலிருந்து பின்வாங்கி வந்தவர்களை மேமியோ ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனார். ரங்கூனைக் காக்க விட்டுவைத்த லோகநாதனின் படையோடு இருந்து 1945 மே மாதம் பிடிபட்டார். லோகநாதன் மதராஸ்காரர், ராணுவ டாக்டர். ரங்கூனில் கொள்ளை நடக்காமல் இருந்ததற்கு அந்த மனிதர்தான் காரணம் என்று ஐயா எல்லாரிடமும் சொல்வார்.

அப்புறம் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் நீல்கஞ்ச் முகாம். அங்கே ஆட்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறமாகப் பிரித்தார்கள். விசுவாசம் மாறாதவன் வெள்ளை. ஏமாந்து போனவன் சாம்பல். தெரிந்தே சேர்ந்தவன் கறுப்பு. கேள்வி கேட்ட அதிகாரி, “கட்டாயப்படுத்தினார்கள் என்று சொல், சாம்பல் போடுகிறேன்” என்று இறங்கிப் பேசினாராம். ஐயா அப்படிச் சொல்லவில்லை. கறுப்பு. பாக்கிச் சம்பளம் அத்தனையும் பறிபோய், கையில் ரயில் பாஸோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். செங்கோட்டையில் மூவருக்கும் ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்து, 1946 ஜனவரி 3 அன்று தளபதி ஆச்சின்லெக் அதை ரத்து செய்த சமயம் அது. பதவி நீக்கமும் சம்பளப் பறிப்பும் மட்டும் அப்படியே நிலைத்தன. சுதந்திரம் வந்த பிறகும் ஐஎன்ஏ-காரர்களைப் பழைய ராணுவ வேலைக்கு எடுக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. வெள்ளைக்காரன் போட்ட கறுப்பு முத்திரையை நம் சர்க்காரும் அழிக்காமல் வைத்திருந்தது.

மேலவீட்டுத் தாத்தா ஐயாவுக்கு இரண்டு மாதம் பிந்தி வந்தார். நாலு வருஷச் சம்பளப் பாக்கியும் அவருக்கு மொத்தமாகக் கிடைத்தது.

இதற்கு மேல் உள்ளதை இரண்டு ஆண்களும் சொல்லவில்லை. அப்பத்தா சொன்னார். வீட்டுப் பெண்களைப் பதிவு செய்யாமல் விட்டுவிடாதீர்கள். போனவர்கள் போன இடத்தைத்தான் சொல்வார்கள். இருந்தவர்களுக்குத்தான் மிச்சக் கதை தெரியும். நான் 1998 வரை அப்பத்தாவிடம் எதுவும் கேட்காமல் இருந்தேன்.

“அண்ணன் வந்த மூணாம் நாளு, ஈரத்துண்டுல முடிஞ்சு கொண்டாந்து திண்ணையில வச்சுட்டு, தண்ணி கூடக் குடிக்காமப் போயிருச்சு. அவுக பாத்தாக. தொடல. எடுத்து உள்ள வைன்னும் சொல்லல, திருப்பிக் குடுன்னும் சொல்லல. பொழுது சாயுற வரைக்கும் துண்டு அங்கனயே கெடந்துச்சு. நான்தேன் எடுத்துக் குதிருக்குள்ள போட்டேன், நெல்லுக்கு அடியில.”

அந்தப் பணத்தில்தான் அப்பா படித்தார். எங்கிருந்து வந்தது என்று ஐயா கடைசிவரை கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அவர்களுக்குள் வாதம் நடக்காமல் இல்லை. நாலாவது கேசட்டில் ஒரு இடம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும் என்று மேலவீட்டுத் தாத்தா சொல்கிறார். உடனே ஐயா, “எந்த ஊரு உப்பு மச்சான்? தூத்துக்குடி உப்பு. அதுக்கும் வரி போட்டவன் அவன். அந்த வரியிலதான் நமக்குச் சம்பளம். நம்ம உப்பை நமக்கே போட்டுட்டு அவன் பேரைச் சொல்லச் சொல்றான்” என்கிறார். கொஞ்ச நேரம் வெற்றிலை உரல் இடிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. “அதுவும் சரிதான்” என்கிறார் மேலவீட்டுத் தாத்தா. பிறகு, “ஆனா சப்பான்காரனை நம்புனது தப்புதான மாப்ள? சயாம் ரயிலுக்கு நம்ம சனம் எத்தனை போச்சு?” ஐயா அதற்குப் பதில் சொல்லவில்லை. மலேயா எஸ்டேட்டுகளிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்கள் ஆயிரமாயிரமாய்ச் செத்தார்கள். ஐயா பர்மாவில் இருந்தவர். அவருக்குத் தெரியும்.

இப்போது என்னைக் கேட்டால், தன்னாட்சி உரிமை ஐயாவின் பக்கம் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த உரிமையை வைத்து மேலவீட்டுத் தாத்தாவைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு பேரையும் அந்த மைதானத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தவன் வேறு ஆள். செஞ்சோற்றுக் கடனுக்குச் செத்த கும்பகர்ணனையும் தர்மம் பார்த்துப் போன விபீஷணனையும் ஒரே ராத்திரியில் கதையாகக் கேட்டு இருவருக்கும் அழுத ஊர் எங்கள் ஊர். அந்த ஊரே பக்கத்துத் தெரு மனிதரை ஒரு வார்த்தையில் அடைத்துவிட்டது.

பெட்டியைத் திறக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் ராணுவ எண். அது இல்லாமல் பெங்களூரில் உள்ள சர்வீஸ் கோர் ஆவண அலுவலகத்துக்கு எழுதினால் ஒன்றும் நடக்காது. எனக்கு இரண்டு கடிதம் வீணானது. ஐயாவின் சம்பளப் புத்தகம் பர்மாவிலேயே போய்விட்டது. கடைசியில் எண் கிடைத்தது அப்பத்தாவின் சுருக்குப்பையில், 1941-ல் வந்த ஒரு மணியார்டர் கூப்பனில். அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் இருந்தது. ஆகவே பேப்பர் என்று நினைக்காத இடத்திலும் தேடுங்கள்: மணியார்டர் கூப்பன், போட்டோவின் பின்பக்கம், ஜாதக நோட்டு, கதவில் ஆணியடித்த தகடு.

ஐஎன்ஏ சம்பந்தமாகப் பாதுகாப்பு அமைச்சகம் 1997-ல் ஒப்படைத்த 990 கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். பெயரை வைத்து மட்டும் தேடாதீர்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியவன் பஞ்சாபியோ வெள்ளைக்காரனோ. ழ, ள எல்லாம் கண்டபடி மாறியிருக்கும். எண், படைப்பிரிவு, அப்பா பெயர், ஊர் என்று நாலு பக்கமிருந்தும் தேடுங்கள். மாவட்டத்தைப் பழைய பெயரில், ராம்நாட் என்று போட்டுப் பாருங்கள்.

இறந்துபோனவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் இணையத்தில் திறந்தே இருக்கிறது. மேலவீட்டுத் தாத்தாவோடு கப்பலேறிய பக்கத்து ஊர்ப் பையன் ஒருவர் திரும்பவில்லை. எந்த நாள் என்று தெரியாமல் அந்தக் குடும்பம் தை அமாவாசைக்குத் திதி கொடுத்து வந்தது. ரபாவுலுக்கு அருகில் பீட்டா பாக்காவில் உள்ள போர்க் கல்லறையில் இந்தியச் சிப்பாய்கள் நிறையப் பேர் பதிவாகி இருக்கிறார்கள் என்று தெரிந்து, படைப்பிரிவை வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பெயர் உருமாறிக் கிடந்தது. அப்பா பெயரும் ஊரும் சரியாக இருந்தன. தேதியோடு போய்ச் சொன்னபோது அவருடைய தங்கைக்கு எண்பது வயதுக்கு மேல். அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேடுவதில் என்ன பிரயோசனம் என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

கேசட் விஷயத்தில் எனக்கு ஒரு இழப்பு உண்டு. மொத்தம் ஐந்து பதிவு செய்தேன். மூன்றாவதன் மேல் யாரோ சினிமாப் பாட்டு பதிந்துவிட்டார்கள். மேல்விளிம்பில் உள்ள சின்னத் தக்கையை உடைத்திருந்தால் அழிந்திருக்காது. ரபாவுல் கதையில் பாதி அதில்தான் இருந்தது. இன்று போனில் பதிவு செய்கிறவர்கள் அன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இல்லாமல் வேறு ஊரில் இருக்கட்டும்.

அசல் காகிதத்தை எந்த அலுவலகத்திலும் கொடுக்காதீர்கள். நீல்கஞ்ச் முகாமிலிருந்து வெளிவந்தபோது ஐயாவுக்குக் கொடுத்த சீட்டு, ஓர் அலுவலகத்தில் மனுவோடு சேர்த்துக் கொடுத்தது, திரும்பவே இல்லை. தியாகி பென்ஷன் திட்டம் 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. அப்போது மாதம் 200 ரூபாய். ஆறு மாதம் சிறையிலோ முகாமிலோ இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். அந்தச் சீட்டுதான் ஆதாரம். அது தொலைந்ததால் கூட இருந்த கைதிகளைத் தேடிப் பிடித்துச் சான்றிதழ் வாங்கி, பென்ஷன் கைக்கு வர 1981 ஆனது.

சீட்டைத் தொலைத்தது 1973 மனு. அன்றைக்கு ஐயாவோடு அப்பாவும், துணைக்கு என்று மேலவீட்டுத் தாத்தாவும் போயிருந்தார்கள். எழுத்தர் நல்ல மனிதர்தான், வயதானவர்களை உட்காரச் சொல்லியிருக்கிறார். மனுவை நிரப்பிக்கொண்டே மேலவீட்டுத் தாத்தாவைப் பார்த்து, “பெரியவரும் ஐஎன்ஏ-வா?” என்று கேட்டார்.

“இல்லைங்க. நான் சேரல” என்றார் அவர்.

எழுத்தர் ஒன்றும் சொல்லவில்லை. பேனா மட்டும் கொஞ்சம் நின்றதாம். அப்போது ஐயா சொன்னார்: “சப்பான்காரன்கிட்ட ரெண்டரை வருஷம் மிதி வாங்குனவரு. அதையும் எழுதிக்கங்க.”

“அதுக்கு இதுல எடம் இல்லங்களே” என்றார் எழுத்தர்.

அப்பத்தா இறந்த பிறகு, 2004-ல், தகரப்பெட்டியில் அந்த மனுவின் நகலைப் பார்த்தேன். முன்பக்கத்தைப் பலமுறை படித்திருக்கிறேன், போட்டோகாப்பி எடுத்து நாலு பேருக்கு அனுப்பியும் இருக்கிறேன். ஸ்கேன் செய்யும் கடைக்காரப் பையன்தான், “பின்னாடியும் எழுதியிருக்கு சார், அதையும் எடுக்கவா?” என்று கேட்டான். திருப்பிப் பார்த்தேன். ஐயாவின் கோணல் எழுத்து. மச்சானின் முழுப்பெயர், ராணுவ எண், கீழே ‘ரபாவுல், 1943 முதல் 1945 வரை’. அதற்கும் கீழே தன் கையெழுத்து, சாட்சி என்று எழுதி.